சிம்ப்சன் பாலைவனம்: "18 போதும்" என்று எழுதுபவர்கள் கவனத்துக்கு

#1 செம்மண்சேகர் (அடிலெய்டு)

குடும்பப் பயணத் திரியில் மணல்மணி நேற்று எழுதியது: "டல்ஹவுசி ஸ்பிரிங்ஸ்ல நாலு டயரையும் 18 பிஎஸ்ஐ காத்தழுத்தத்துக்கு இறக்குங்க. பேர்ட்ஸ்வில் போய்ச் சேர்ற வரைக்கும் கம்ப்ரசரைத் தொடவே வேண்டாம்." அதுக்குக் கீழே பதினோரு பேர் நன்றி சொல்லியிருக்காங்க. எல்லாரும் ஜூலை லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுக் கிளம்பப் போறவங்க. அதனாலதான் இந்தத் தனித் திரி.

டல்ஹவுசியில மணல் மேடு எங்கே இருக்கு? அங்கிருந்து, மணல் மேடு தொடங்கற பர்னி போர் வரைக்கும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர், தகரக் கூரையைப் படுக்கப் போட்ட மாதிரி வரி வரியாக் கிடக்கிற கொருகேஷன் பாதை. அந்தப் பாதையில 18 வெச்சு ஓட்டினா டயரோட பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கிச் சூடாகும். அந்தச் சூட்டுலதான் ரப்பர் உள்ளே இருக்கிற இழையை விட்டுப் பிரியுது. வெளியே ஒண்ணும் தெரியாது. மறுநாள் மேடு ஏறும்போது பக்கச் சுவர் பிளந்துக்கும்.

பர்னி போர் வரை 26 இல்லேன்னா 28. அங்கே நின்னு இறக்குங்க. அங்கிருந்து மேடுகளைக் கடக்கிற ஃப்ரெஞ்ச் லைன் பாதையில முன்னே 16, பின்னே 18 அல்லது 20. கடைசிப் பெரிய மேடான பிக் ரெட் தாண்டினதும் பேர்ட்ஸ்வில்லுக்கு இன்னும் 35 கிலோமீட்டர் இருக்கு, வழியெல்லாம் கூர்க்கல். அங்கே மறுபடி 28க்கு ஏத்தணும். கம்ப்ரசரைத் தொடாமப் போனா அந்த 35 கிலோமீட்டர்லதான் ஸ்பேர் வீலை இறக்க வேண்டி வரும்.

#2 மணல்மணி (சிட்னி)

நான் எழுதினதுல பாதியை வெட்டிட்டுப் போட்டிருக்கீங்க சேகர். அடுத்த வரியிலேயே "மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல போகாதீங்க"ன்னு இருக்கு. 40ல போனா டயர் சூடாகாது.

முதல் தடவை போறவங்களுக்கு ஒரே ஒரு எண்தான் மனசுல நிக்கும். மொத்தம் 1,100 மேடு. மேட்டுக்கு மேடு இறங்கி அளந்துட்டிருந்தா நடுவழியில இருக்கிற போபெல் கார்னர் போய்ச் சேரவே பத்து நாள் ஆகும். 18 எல்லா மேட்டையும் ஏத்தும். 18ல டயர் ரிம்மை விட்டுக் கழலாது. அதனாலதான் 18.

#3 செம்மண்சேகர்

வெட்டலை, திரியில அப்படியே இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம். 70 கிலோமீட்டர் கொருகேஷன்ல 40ல போனா வண்டி ஒவ்வொரு பள்ளத்துலயும் விழுந்து எழும். பின்சீட்ல இருக்கிற பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும், ஷாக் அப்சார்பர் எண்ணெய் கொதிக்கும், கூரை ரேக்கோட போல்ட் ஒண்ணொண்ணாத் தளரும். அதைத் தாங்க முடியாம எல்லாரும் 60, 70க்குப் போவாங்க. வேகம் கூடினா சக்கரம் வரியோட தலையில மட்டும் தட்டிட்டுப் போகும், அதிர்வு குறையும். ஆனா அந்த வேகத்துக்கு 18 ஆகாது. நீங்க சொல்ற ரெண்டு எண்ணையும் ஒரே பாதையில சேர்த்து வைக்கவே முடியாது.

#4 வன்னிப்பெடியன் (மெல்பேர்ண்)

சேகர் அண்ணை, மணி அண்ணை, ரெண்டு பேரும் 18 எண்டு சண்டை பிடிக்கிறியள். எப்ப அளந்த 18 எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஜூலையில காலமை அங்க ரெண்டு மூண்டு டிகிரிதான். மத்தியானம் ரயர் ஓடிச் சூடானால் 20 டிகிரி சும்மா ஏறும். காலமை குளிர் ரயரில 18 வைச்சால் மத்தியானம் 20ஐத் தாண்டும். மத்தியானம் சூட்டில 18 வைச்சால் அடுத்த நாள் காலமை 16க்குக் கிட்ட நிக்கும். முதல்ல உதைச் சொல்லுங்கோ. பிறகு அடிபடுங்கோ.

#5 மணல்மணி

18ன்னா 18தான். காலைல அளந்தாலும் மத்தியானம் அளந்தாலும் அது மணலுக்குச் சரியான இடத்துலதான் நிக்கும். அதான் அந்த எண்ணோட பலமே. இப்படிக் குழப்பித்தான் ஜனங்களை வீட்டுலயே உட்கார வைக்கறீங்க.

அப்புறம் தம்பி, அது ரயர் இல்லை, டயர். தேடுபொறியில தேடுறவங்களுக்குக் கிடைக்கணும்ல.

#6 வன்னிப்பெடியன்

எங்கட ஊரில ரயர்தான், இங்கயும் அப்பிடித்தான் எழுதுவன். தேடுபொறிக்காக நான் என்ர தமிழை மாத்தேலாது. நீங்கள் "டயர்" எண்டு எழுத நான் ஒருநாளும் திருத்தேல்லை. நான் கேட்டது குளிரில அளந்ததோ சூட்டில அளந்ததோ எண்டு. அதுக்கு மறுமொழி இல்லை.

#7 தேன்மொழி_பெர்த்

எண்ணை விட்டுட்டு எடையைப் பேசுங்க. அதே வண்டி காலியா நின்னா 18ல நல்லா தட்டையா உட்காரும். நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு லிட்டர்னு ஏழு நாளைக்கு 196 லிட்டர் தண்ணி, அதுவே கிட்டத்தட்ட 200 கிலோ. அதோட டீசல் கேன், ஃபிரிட்ஜ், ரெண்டாவது ஸ்பேர். அப்போ பின் அச்சுல 18 வெச்சா சக்கரம் ரிம் வரைக்கும் நசுங்கி நிக்கும். முன் அச்சுல அதே 18 அதிகம், மணல்ல மூக்கைக் குத்தும்.

எடை தெரியாதவங்களுக்கு ஒரு வழி. சமதரையில நிறுத்தி ரிம்மோட விளிம்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்ல அளங்க. அந்த உயரத்துல கால் பங்கு குறையற வரைக்கும் காத்தை விடுங்க. 100 மில்லிமீட்டர் இருந்தா 75. அப்போ கேஜ் என்ன காட்டுதோ அதுதான் உங்க வண்டியோட எண். முன்னே தனியா, பின்னே தனியா எழுதி சன்வைசர்ல ஒட்டி வைங்க.

இன்னொண்ணு: அந்தக் குடும்பப் பயணத் திரியில ஒருத்தர் கூரையில நாலு ஜெர்ரி கேன் கட்டின படம் போட்டிருந்தார். 20 லிட்டர் டீசல் கேன் ஒண்ணு 17 கிலோவுக்கு மேல. நாலும் ரேக்கும் சேர்ந்தா 100 கிலோவைத் தொடும். மேட்டுல குறுக்கே சரிஞ்சா அந்த எடைதான் வண்டியைக் கவிழ்க்கும். எரிபொருளையும் தண்ணியையும் கீழே, ரெண்டு அச்சுக்கும் நடுவுல வைங்க.

#8 கரிகாலன்76

அந்தப் படம் என்னுது. பேரைச் சொல்லியே எழுதலாம் தேன்மொழி. ரேக்கோட அளவுக்குள்ளதான் இருந்தது.

18, 16 எல்லாம் தேவையே இல்லை. பின்னாடி டிஃப் லாக் (ரெண்டு சக்கரத்தையும் சேர்ந்தே சுத்த வைக்கிற பூட்டு) இருக்கிற வண்டிக்கு 25 போதும். லோ ரேஞ்ச் ரெண்டாவது கியர், லாக்கைப் போடு, ஏறிடும்.

#9 செம்மண்சேகர்

கரிகாலன், உங்களை மாதிரி ஆளுங்க 25ல ஏறினதாலதான் ஃப்ரெஞ்ச் லைன்ல ஒவ்வொரு மேட்டோட மேற்கு முகத்துலயும் முழங்கால் ஆழத்துக்குக் குழி குழியாக் கிடக்கு. 25ல டயர் மணலைத் தோண்டும். லாக் போட்டா ரெண்டு சக்கரமும் சேர்ந்து தோண்டும். வண்டி துள்ளும், துள்ளி விழற இடம் குழியாகும், பின்னாடி வர்ற குடும்பம் அந்தக் குழியில சிக்கும். காத்தை இறக்கினா டயரோட தடம் நீளமாகும், எடை பரவும், சக்கரம் மணல் மேல மிதந்து போகும். சுழலவே சுழலாது. லாக்குங்கிறது சிக்கினதுக்கு அப்புறம் எடுக்கிற மருந்து. காத்துதான் சிக்காம இருக்கிறதுக்கு.

மணி, உங்ககிட்ட இன்னும் பதில் வரலை. டல்ஹவுசியில 18 எதுக்கு? பர்னி போர்ல ஏன் இல்லை?

#10 மணல்மணி

ஏன்னா டல்ஹவுசியில வெந்நீர்க் குளத்துல பிள்ளைங்க குளிக்கும்போது அப்பா நிதானமா நாலு டயரையும் பார்க்கலாம். பர்னி போர்ல நின்னா ஈ மொய்க்கும், வெயில், அவசரம். அவசரத்துல ஒரு டயர் 18, ஒரு டயர் 14னு விட்டுடுவாங்க. 12க்குக் கீழே போய் மேட்டுச் சரிவுல ஸ்டீயரிங்கைத் திருப்பினா டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துடும். அதைத் திரும்ப உட்கார வைக்க ஜாக்கி வைக்கணும், மணல்ல ஜாக்கி புதையும், அடியில பலகை வைக்கணும். புதுசாப் போற குடும்பத்துக்கு அது ஆகுமா? 18ங்கிறது பாதுகாப்பான எண்.

#11 வன்னிப்பெடியன்

அதுக்குத்தானே வால்வில திருகிற டிஃப்ளேற்றர் வந்திருக்கு. வேணுமான அளவை முதலே செற் பண்ணி நாலையும் பூட்டிவிட்டால் தானா நிக்கும். 18ஐயும் 14ஐயும் கலக்க வேண்டிய தேவை இல்லை. பர்னி போரில அஞ்சு நிமிச வேலை.

குளிரில அளந்த 18ஓ சூட்டில அளந்த 18ஓ? மூண்டாம் தரம் கேக்கிறன்.

#12 கரிகாலன்76

சேகர் எனக்கு மணல் பாடம் எடுக்க வேண்டாம். ஃபிரிட்ஜ் திரியில "6 எம்எம் ஆட்டோ கேபிள் பின்பக்கம் வரைக்கும் தாராளம்"னு எழுதினவர் இவர்தானே? அந்த 6 எம்எம் என்பது மேல் உறையோட சேர்த்த விட்டம். உள்ளே செம்பு 4.6 சதுர மில்லிமீட்டர்கூட முழுசா இல்லை. பேட்டரியிலேர்ந்து ஃபிரிட்ஜுக்குப் போய்த் திரும்ப பத்து மீட்டர் ஓடினா வோல்ட் இறங்கி, கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் ஃபிரிட்ஜ் தானாக் கட் ஆகும். அதை விடத் தடிச்ச 8 பி அண்ட் எஸ் கேபிள் போடணும்னு நான் சொன்னேன். அன்னிக்கு ஒத்துக்கலை, இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கலை.

#13 செம்மண்சேகர்

அது பேட்டரி பின்னாடியே இருக்கிற வண்டிக்கு எழுதினது. ஒன்றரை மீட்டர் வயர். அதைப் படிக்காம ஒரு வருஷமா மனசுல வெச்சுக்கிட்டிருக்கீங்க. இந்தத் திரி டயருக்கு.

சரி, எடையும் சூடும் கேட்டீங்க, முழுசாச் சொல்றேன். நான் மேலே கொடுத்த எண் எல்லாம் காலையில, ஓட்டறதுக்கு முன்னே, நிழல்ல அளந்தது. எல்டி (லைட் டிரக்) வகைத் தடிச்ச டயருக்கு, நிறைஞ்ச குடும்ப வண்டிக்கு. டல்ஹவுசிக்கு முன்னாடி வர்ற மவுண்ட் டேர்லேர்ந்து டல்ஹவுசி 70 கிலோமீட்டர், கல்லும் கொருகேஷனும், 28. டல்ஹவுசியிலேர்ந்து பர்னி போர், அதே 28 இல்லேன்னா 26. பர்னி போர்ல முன்னே 16க்கும் பின்னே 20க்கும் இறக்கணும். மேட்டுல ரெண்டு தடவை முயற்சி பண்ணியும் ஏறலைன்னா மூணாவது தடவைக்கு வேகத்தைக் கூட்டாதீங்க. ரெண்டு பிஎஸ்ஐ இறக்குங்க. போபெல் கார்னர் தாண்டி கியூஏஏ லைன் பாதையில மேடுகள் விலகி விலகி வரும், நடுவுல களிமண் தரை. அங்கே அதே காத்துல 30 கிலோமீட்டர் வேகத்துல போனாப் போதும், ஏத்த வேண்டியதில்லை. பிக் ரெட் கிட்டத்தட்ட 40 மீட்டர், கடைசிப் பத்து மீட்டர் மாவு மாதிரி. ஏற முடியாட்டி சுற்றுப்பாதை இருக்கு, பிள்ளைகளோட போறவங்களுக்கு அதுல ஒரு கேவலமும் இல்லை. இறங்கினதும் கம்ப்ரசர். இன்ஜின் ஓடணும், கிளிப்பை நேரா பேட்டரியில மாட்டணும், டயருக்கு மூணு நாலு நிமிஷம். சிகரெட் லைட்டர்ல சொருகாதீங்க, ஃப்யூஸ் போகும்.

இதுல எங்கேயாவது டல்ஹவுசியில 18 வருதா?

#14 தேன்மொழி_பெர்த்

சேகர், பயணிகள் கார் டயரோட வர்ற சின்ன வண்டிக்காரங்களும் இதைப் படிக்கிறாங்க. எல்டின்னு ஒரு வார்த்தையில கடந்து போயிட்டீங்க. அந்த மெல்லிசு டயர்ல பிக் ரெட் தாண்டின கல்லுக்கு 28ஓட வேகமும் 50க்குள்ள வேணும்.

கொடிக் கம்பத்தை ஒருத்தரும் சொல்லலை. தரையிலேர்ந்து 3.5 மீட்டர் உயரத்துல ஆரஞ்சுக் கொடி இல்லாம மேட்டு உச்சியில எதிரெதிரே வந்தா 18ஆ 16ஆன்னு பேச ஆள் இருக்காது. ரேடியோ சானல் 10ல ஒவ்வொரு மேட்டுக்கும் குரல் கொடுங்க.

#15 கரிகாலன்76

சிக்கினா ஸ்னாட்ச் ஸ்ட்ராப் (நீண்டு கொடுக்கிற இழுவைப் பட்டை) போட்டு இழுத்துடலாம். டோ பால்ல (டிரெய்லர் மாட்டற உருண்டை) மாட்டினா ஒரு நிமிஷம்.

#16 செம்மண்சேகர்

இதை உடனே அழிங்க கரிகாலன். டோ பால் அந்த இழுவைக்குச் செஞ்சது இல்லை. முறிஞ்சா பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து கண்ணாடியை உடைச்சு உள்ளே இருக்கிறவரைக் கொல்லும். ஆஸ்திரேலியாவுல இப்படி ஆட்கள் செத்திருக்காங்க. டோ பால் நாக்கைக் கழட்டிட்டு அந்தத் துளையில சொருகற ரிசீவர் ஹிட்ச்சும் தாங்கற அளவு குறிச்ச ஷேக்கிளும் (இரும்பு வளையம்) போடணும். ஸ்ட்ராப்போட முறிவு பலம் லேசான வண்டியோட முழு எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு இருக்கணும். ஸ்ட்ராப் அறுந்தா பறக்காம அடக்கற டேம்பரை நடுவுல போடணும். பிள்ளைகள் ஸ்ட்ராப்போட நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டுல நிக்கணும். அதுக்கும் முன்னே மண்வெட்டி, ஏறு பலகை, ரெண்டு பிஎஸ்ஐ குறைப்பு. பத்துல ஒன்பது தடவை அதுலயே வெளியே வந்துடும்.

#17 கரிகாலன்76

அழிக்க மாட்டேன். சமதரையில மெதுவா இழுக்கிறதைச் சொன்னேன். எதுவா இருந்தாலும் உங்களுக்கு நான் எழுதினதுதான் தப்பு.

#18 மணல்மணி

பார்த்தீங்களா, சேகர் எழுதினதுல எத்தனை எண்? 28, 26, 16, 20, 30, மறுபடி 28. ராத்திரி கூடாரம் அடிச்சு, சமைச்சு, பிள்ளைகளைத் தூங்க வெச்ச ஒரு அம்மா அப்பாவுக்கு இதுல எது ஞாபகம் இருக்கும்? 18. அதை மட்டும் சொல்லுங்க.

#19 செம்மண்சேகர்

எழுதி ஒட்டினா ஞாபகம் எதுக்கு? தேன்மொழி சொன்ன மாதிரி சன்வைசர்ல ஒரு காகிதம். உங்க பதிவுல "டல்ஹவுசி" என்கிற ஒரே வார்த்தையை "பர்னி போர்"னு மாத்துங்க, கடைசி வரியில "பிக் ரெட்ல ஏத்துங்க"ன்னு சேருங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேட்கலை.

#20 மணல்மணி

மாத்த மாட்டேன். டல்ஹவுசி. 18.

#21 வன்னிப்பெடியன்

குளிரிலயோ சூட்டிலயோ அண்ணை?

#22 கரிகாலன்76

சேகர், அந்த ஒன்றரை மீட்டர் வயர்னு நீங்க சொன்ன பதிவை ஃபிரிட்ஜ் திரியில தேடிப் பார்த்தேன். "பின்பக்கம் வரைக்கும்"னுதான் இருக்கு.