லினக்ஸ் டிவிடி விற்பனையை வைத்துக் குமரி மாவட்டச் சந்தையைக் கணிப்பது: அனுபவப் பகிர்வு

தக்கலை சர்வீஸ்:
விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் இலவச மென்பொருள் லினக்ஸ். அதன் டிவிடி எத்தனை போனது என்ற எண்ணை மட்டும் பார்த்து, இத்தனை பேர் லினக்ஸ் பயன்படுத்துகிறார்கள் என்று முடிவுகட்டுவது தவறு. பிழை இரண்டு பக்கமும் வரும். பொறியியல் கல்லூரி விடுதிக்குள் ஒரு டிவிடி போனால் அறை அறையாகச் சுற்றும். நகலெடுக்க உரிமமே அனுமதி தருகிறது, அதனால் அங்கே உண்மையைவிட எண் குறைவு. இன்னொருவர் லைவ் முறையில் (கணினியில் நிறுவாமல் டிவிடியிலிருந்தே) ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மேசைக்குள் போட்டுவிடுவார், அங்கே எண் கூடுதல்.

முதல் டிவிடி ஆர்வத்தைக் காட்டும். பயன்பாட்டைக் காட்டுவது அதே ஆள் திரும்பி வந்து வாங்கும் இரண்டாவது டிவிடிதான். டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பின் டிவிடி-1-ஐ யாரும் வாங்குவார்கள். கூடுதல் மென்பொருள்கள் உள்ள டிவிடி-2, டிவிடி-3 வேண்டும் என்று கேட்பவர் கணினியில் டெபியன் ஏற்கெனவே ஓடுகிறது, நல்ல இணைய இணைப்பு இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இந்தக் கணக்கை யார் எப்படி வைக்கிறீர்கள்?

வடசேரி:
நோட்டில் ஆறு பத்தி (நெடுக்குக் கட்டம்) போதும்: தேதி, பதிப்பு (எந்த லினக்ஸ்), 32 பிட்டா (பழைய கணினிக்கு) 64 பிட்டா, வாங்குபவர் யார் (மாணவர், வீட்டுக்காரர், சர்வீஸ் கடை, நிறுவனம்), முதல் முறையா மறுமுறையா, எதற்கு. இந்தக் கடைசிப் பத்தியை எழுதச் சோம்பல் வரும். அதுதான் முக்கியம். "பழைய சிஸ்டம்", "பாடத்துக்கு", "வைரஸ் தொல்லை", "சும்மா பார்க்க" என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

மாதக் கடைசியில் மொத்த விற்பனையிலிருந்து மூன்றைக் கழிக்க வேண்டும்: பழுதானதற்கு மாற்றிக் கொடுத்தவை, கல்லூரி ஆய்வகத்துக்கு மொத்தமாகப் போனவை, பழைய வாடிக்கையாளர் புதுப் பதிப்புக்கு வாங்கியவை. மீதி இருப்பதே புதிய ஆள். கழித்த மூன்றையும் தூக்கி எறியாதீர்கள், தனித்தனியாக எழுதி வையுங்கள்.

ஜூன், ஜூலை விற்பனையைத் தனியாகப் பாருங்கள். 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. பள்ளி திறந்ததும் ஏறும் விற்பனை பாடத்திட்டத்தால் வருவது, அதைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக் கணக்காக்கினால் ஏமாந்துபோவோம்.

டிவிடி எண்ணிக்கையில் சிக்காத கூட்டமும் உண்டு. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பும் சேர்ந்தே வந்தது. அந்த மாணவர் யாரும் டிவிடி வாங்கவில்லை.

மார்த்தாண்டம்:
எங்கள் பக்கம் இன்னொரு சிக்கல். களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து, பாறசாலை, நெய்யாற்றின்கரைக்காரர்களும் மார்த்தாண்டத்தில்தான் வாங்குகிறார்கள். கேரளப் பள்ளிகளில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் (இப்போது கைட்) வழியாக லினக்ஸ் பாடமாகவே நடக்கிறது. பிள்ளை பள்ளியில் பார்த்ததையே வீட்டிலும் போட்டுத் தரச் சொல்கிறார்கள். இதைக் குமரி மாவட்டத் தேவையாகக் காட்டினால் கணக்கு ஊதிவிடும். ஊர்ப் பெயரை ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள் அண்ணே, வேலை முடிந்தது.

மக்கள்தொகையால் வகுத்துப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர், எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். படித்தவர் அதிகம் என்பதால் வாங்குபவரும் அதிகம் இருப்பார் என்று சிலர் போடும் கணக்கு நிற்காது. வகுக்க வேண்டிய எண் வீட்டில் கணினி வைத்திருப்போர் எண்ணிக்கை.

குளச்சல்:
திரும்பி வரும் டிவிடிகளைப் பற்றிச் சொல்கிறேன், சந்தைக் கணிப்பே இதில்தான் கெடுகிறது. "லினக்ஸ் சரியில்லை" என்று திரும்புபவற்றில் பெரும்பாலானவற்றில் லினக்ஸுக்குச் சம்பந்தமே இல்லை.

ஒன்று, ஐஎஸ்ஓ கோப்பை (டிவிடியின் முழு உள்ளடக்கமும் ஒரே கோப்பாக இருப்பது) இமேஜாக ரைட் செய்யாமல் சாதாரணக் கோப்பாக டிவிடியில் போட்டுவிடுவது. திறந்து பார்த்தால் ஒரே ஒரு கோப்பு தெரியும், பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து தொடங்காது.

அடுத்தது வேகம். மலிவான டிவிடியில் 16 மடங்கு வேகத்தில் எழுதினால் பூட் ஆகி, நிறுவும்போது பாதியில் நின்றுவிடும். 4 அல்லது 8 மடங்கில் எழுதி, எழுதியபின் சரிபார்ப்பை ஓட்டுங்கள். இறக்கிய ஐஎஸ்ஓவின் எஸ்ஹெச்ஏ256 எண்ணை (கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எண்) வெளியிட்டவர் தந்த எண்ணோடு முதலிலேயே ஒப்பிட வேண்டும். மூலக் கோப்பே பழுதென்றால் அந்த அடுக்கு முழுக்கப் போச்சு.

டிவிடியில் எழுத்து உள்ளிருந்து வெளிநோக்கிப் போகும். விளிம்புப் பகுதியில்தான் விரல் ரேகையும் கீறலும் விழும், பழைய டிரைவின் லென்ஸும் அங்கேதான் தடுமாறும். அதனால் 4.3 ஜிபி வரை நிரம்பிய டிவிடியைவிட மூன்று ஜிபிக்குள் அடங்கும் லினக்ஸ் மின்ட் டிவிடி குறைவாகவே திரும்பி வருகிறது. கண்ணாடிப் பெட்டியில் வெயில் படும்படி அடுக்காதீர்கள், எழுதும் டிவிடியின் சாயம் வெளிச்சத்தில் கெடும். கடற்கரை ஈரத்துக்குக் காகித உறையைவிட மூடி உள்ள பெட்டி மேல்.

1 ஜிபி ராம் உள்ள கணினியில் கனமான பதிப்பைப் போட்டு, உறைந்து நின்றதும் டிவிடி பழுது என்று கொண்டுவருவோரும் உண்டு. திரும்பிய ஒவ்வொன்றையும் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஓடினால் "டிவிடி பழுது" என்று எழுதாதீர்கள், "பொருந்தாத கணினி" என்று எழுதுங்கள். இந்த இரண்டாவது வகை கூடினால் எடை குறைந்த பதிப்பு தேவைப்படுகிறது என்று பொருள். அது நல்ல சந்தைச் செய்தி.

வடசேரி:
குளச்சல் அண்ணன் சொன்னதோடு ஒன்று. பழைய ஆண்டுகளின் விற்பனையையும் இன்றையதையும் ஒரே கோட்டில் வரையக்கூடாது. பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்த புதிதில் வேகம் 256 கேபிபிஎஸ். நொடிக்கு அதிகபட்சம் 32 கிலோபைட். 700 எம்பி சிடி இறங்க ஆறேகால் மணி நேரம். இரவு 2 முதல் காலை 8 வரை கணக்கில் சேராத திட்டத்தில்கூட ஒரே இரவில் முடியாது. அப்போது சிடி விற்றதற்கு இணைய வேகமே காரணம். கூடவே உபுண்டுவின் ஷிப்இட் சேவை வழியாக இலவச சிடி 2011 வரை தபாலில் வந்தது. இலவசம் என்பதால் தேவைக்கு மேல் வரவழைத்தவர்களும் உண்டு. இலவசமாய்ப் போன எண்ணைத் தேவை என்று எழுதவே கூடாது. சிறு தொகையாவது வாங்குங்கள், கொடுத்து வாங்கியவர்தான் போட்டுப் பார்ப்பார்.

இன்று உபுண்டு 24.04 ஐஎஸ்ஓ ஐந்தரை ஜிபியைத் தாண்டிவிட்டது, 4.7 ஜிபி டிவிடியில் அடங்காது. அது பென்டிரைவில்தான் போகிறது. ஆகவே இன்றைய டிவிடி எண் காட்டுவது பென்டிரைவில் பூட் ஆகாத பழைய கணினிகளை. அவற்றில் 32 பிட் கேட்பவருக்கு டெபியன் 12 வையுங்கள். டெபியன் 13-இல் 32 பிட் நிறுவி கிடையாது. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் வரும் கூட்டம் வேறு. அவர்கள் கணினி 64 பிட், பென்டிரைவ் எடுக்கும். பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பதையும் அதே நோட்டில் தனிப் பத்தியில் எழுதாவிட்டால் சந்தை சுருங்குவதுபோல் தெரியும்.

தக்கலை சர்வீஸ்:
மூன்று மாதம் கழித்து அழைத்துக் கேட்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தானாகக் கூப்பிடுபவர்களை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சிக்கலில் இருப்பவரும் ரொம்பப் பிடித்தவரும்தான் கூப்பிடுவார்கள். நோட்டில் ஐந்துக்கு ஒருவரை வரிசையாக எடுத்து, "இன்னும் கணினியில் இருக்கிறதா, விண்டோஸும் கூட இருக்கிறதா, எத்தனை பேருக்கு நகல் கொடுத்தீர்கள்" என்று மூன்றே கேள்வி. மூன்றாவது கேள்வியின் பதில்தான் விடுதி நகலின் அளவைச் சொல்லும்.

தோவாளை:
விற்பவர்கள் கவனிக்க: லினக்ஸின் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு காசுக்கு விற்பதைத் தடுக்கவில்லை. ஆனால் மூன்றாம் பிரிவின்படி மூலநிரலை (மென்பொருளை எழுதிய நிரல்வரிகளை) கூடவே தர வேண்டும், அல்லது கேட்டால் தருவதாகக் குறைந்தது மூன்று ஆண்டு செல்லுபடியாகும் எழுத்துப்பூர்வ உறுதி தர வேண்டும். பிறர் தந்த உறுதியை அப்படியே கைமாற்றும் வழி வணிகமல்லாத விநியோகத்துக்கு மட்டும். டெபியன் மூலநிரல் டிவிடிகளையும் வெளியிடுகிறது. விற்ற பதிப்புக்கான ஒரு தொகுப்பைக் கடையில் வைத்து, உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டில் "மூலநிரல் வேண்டுவோர் இந்தத் தேதிவரை கேட்கலாம்" என்று அச்சிடுங்கள். அதே சீட்டின் பின்பக்கத்தில் தக்கலைக்காரர் சொன்ன மூன்று கேள்விகளையும் போட்டுவிடலாம்.