புதுப்பிப்பு: ஏர்கான் குழாய் இணைப்பி காப்புரிமை மீறல், வழக்கு முடிந்தது

எங்கள் இணைப்பியை இன்னொரு நிறுவனம் அப்படியே செய்து விற்கிறது, சிறிய கடைக்காரர்கள் உயர் நீதிமன்றம் போக முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. விஷயம் சமரசத்தில் முடிந்துவிட்டது.

கைகொடுத்தது, அறிவுசார் சொத்து வழக்குகளுக்கான எளிமையாக்கப்பட்ட நடைமுறையைப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான். சிங்கப்பூரில் அது 2022 ஏப்ரலில் வந்தது. பொதுவாக 5 லட்சம் வெள்ளி வரைதான் பணநிவாரணம், விசாரணை இரண்டு நாளுக்குள். செலவு எங்கே போய் நிற்குமோ என்ற பயம் அதோடு பாதி குறைந்தது.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. உங்கள் காப்புரிமையே செல்லாது, ரத்து செய்யுங்கள் என்று எதிர்வழக்குப் போட்டது. இது வழக்கமான தற்காப்பாம். வழக்குப் போடுமுன் உங்கள் காப்புரிமை எவ்வளவு உறுதியானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது வேறு. காப்புரிமை இருப்பதே தெரியாது என்று அவர்கள் வாதிட்டார்கள். தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று அவர்கள் நிரூபித்தால், நமக்கு இழப்பீடோ லாபக் கணக்கோ (மீறியவர் சம்பாதித்த லாபத்தை நம்மிடம் தருவது) கிடைக்காது. பெட்டியில் 'காப்புரிமை பெற்றது' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது, எண்ணும் இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் எண் இருந்தது. அந்த வாதம் அங்கேயே படுத்துவிட்டது.

இழப்பீடு, லாபக் கணக்கு இரண்டையும் ஒரே மீறலுக்கு வாங்க முடியாது. அவர்கள் லாபம் சொற்பம் என்பதால் நாங்கள் இழப்பீடு கேட்டோம். கடைசியில் விற்பனையை நிறுத்தினார்கள், மீதிச் சரக்கை ஒப்படைத்தார்கள், ஒரு தொகையும் தந்தார்கள். தொகையை வெளியிடக் கூடாது என்பது ஒப்பந்தம்.