1400 பக்கியை 75 மில்லிமீட்டர் இறக்கலாமா?

தாழ்ந்தபக்கி (சாட்ஸ்வர்த், டர்பன்)
திட்டத்தை முழுசாகப் போடுகிறேன். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.
வண்டி நிசான் 1400 பக்கி (சின்ன பிக்கப்), 1397 சிசி, 12 இன்ச் இரும்பு ரிம். முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டு. பின்னால் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே 75 மில்லி அலுமினியம் பிளாக். ரிம் 13 இன்ச் விட்டம், 7 இன்ச் அகலம், ஆஃப்செட் பூஜ்யம் (மாட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலேயே). டயர் 175/50. வாரநாளில் டைல்ஸ், சிமெண்ட் ஏறும், 300 கிலோவைத் தாண்டாது. முன்னும் பின்னும் ஒரே மட்டமாகத் தரையோடு தரையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரிஜினல்1971 (வெருலம்)
1971ல் டட்சன் 1200 ஆகத் தொடங்கி 2008 வரை தென்னாப்பிரிக்காவின் ரோஸ்லின் ஆலையில் ஓடிய வரிசை இது. துரு பிடிக்காத, வெட்டுப்படாத வண்டி வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. அதை எடுத்து ஸ்பிரிங்கை அறுப்பானேன்? இறக்கிய பக்கியை விற்கப் போனால் வாங்குகிறவன் முதலில் குனிந்து கீழேதான் பார்ப்பான். பக்கி போய்விடும், கடன்தான் பாக்கி.

கீழேதான்அழகு (பீனிக்ஸ்)
வந்துவிட்டார் அருங்காட்சியகம். ஐயா, பிளாக்கைக் கழற்றினால் வண்டி பழையபடி எழுந்து நிற்கும். எதையும் நிரந்தரமாக அறுக்க வேண்டியதில்லை. 75 மில்லி ஒன்றும் மலையில்லை. தம்பி, போடு.

பட்டாக்காரர் (டொங்காட்)
தம்பி, பிளாக் வாங்குவதற்கு முன் வண்டிக்குக் கீழே படுத்து ஒரு விஷயம் பார். பட்டா (பின்பக்க இலை ஸ்பிரிங்) ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா? கீழே இருந்தால்தான் நடுவில் வைக்கும் பிளாக் வண்டியை இறக்கும். பட்டா மேலே இருக்கும் வண்டியில் அதே பிளாக் தூக்கிவிடும். அந்த மாதிரி வண்டிக்கு ஆக்சிலைப் பட்டாவுக்கு மேலே மாற்றி உட்கார வைக்க வேண்டும். அது வேறு வேலை, பட்டா பொருந்தும் புது இருக்கையை ஆக்சிலில் வெல்ட் செய்ய வேண்டியிருக்கும்.

இப்போது உன் 75. கேள்வி எவ்வளவு இறங்கும் என்பதல்ல, இறங்கிய பிறகு மேலே போக எவ்வளவு இடம் மிச்சம் என்பது. காலி வண்டியில் ஆக்சிலுக்கும் மேலே உள்ள ரப்பர் ஸ்டாப்புக்கும் நடுவே டேப் வைத்து அள. அப்புறம் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஆறை ஏற்றி மறுபடி அள. உதாரணத்துக்குக் காலியில் 95, ஆறு மூட்டையோடு 45 என்று வைத்துக்கொள். சுமையே 50 மில்லி தின்றுவிட்டது. இதில் 75 பிளாக் வைத்தால் காலியில் 20தான் மிச்சம். மூன்றாவது மூட்டை ஏறுவதற்குள் ஆக்சில் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு அந்த வண்டிக்குப் பின்னால் ஸ்பிரிங்கே கிடையாது. ஒவ்வொரு குழியும் நேராக வண்டிச் சட்டத்தில் (சேஸில்) அடிக்கும். விரிசல் விடுவது ஸ்பிரிங் மாட்டும் தாங்கியில், அதுவும் துரு இருக்கும் பக்கத்தில்.

"ஸ்டாப்பை அறுத்துவிடலாம்" என்று ஒருவர் வருவார், பாருங்கள்.

கீழேதான்அழகு
அறுக்கத்தான் சொல்வேன், பாதியளவு. அதற்கும் மேல் இடம் வேண்டுமென்றால் சட்டத்தில் பிறைபோல வெட்டி உள்பக்கம் பட்டை வைத்து வெல்ட் செய்வது ஊர் உலகத்தில் நடப்பதுதான்.

பட்டாக்காரர்
வெட்டிய வளைவு முழுவதுக்கும் தகடு சுற்றி, வெட்டுக்கு இரு பக்கமும் நீளமாகப் பிடித்து வெல்ட் செய்தால் சரி. பொட்டுப் பொட்டாக வைத்து மேலே அண்டர்சீல் பூசி மறைத்தால் அது வெட்டு இல்லை, முறிவுக்கு நாள் குறித்தது. அது போக, "கழற்றினால் பழையபடி" என்று மேலே எழுதியதும் நீங்கள்தான்.

அலைன்மென்ட் (இசிப்பிங்கோ)
எல்லோரும் பின்பக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆபத்து அதிகம் முன்னால்.

காயில் ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்று 8 என்று வை. இரண்டை வெட்டினால் 6. கடினம் 8க்கு 6 என்ற கணக்கில், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடும். பழைய ஷாக் அந்த ஸ்பிரிங்கை அடக்காது, மூக்கு துள்ளிக்கொண்டே போகும். அதைவிட மோசம் ஒன்று: சக்கரம் காற்றில் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங், மேலும் கீழும் அது உட்காரும் இரண்டு இருக்கைக்கும் நடுவே தளர்ந்து ஆடும். ஜாக்கி போட்டுத் தூக்கி, கையால் ஸ்பிரிங்கைத் திருகிப் பார். திரும்பினால் அந்த வண்டி சாலைக்கு லாயக்கில்லை. ஹம்பை (வேகத்தடையை) தாண்டும்போது இருக்கையை விட்டு விலகி, இறங்கும்போது கோணலாக உட்காரும்.

வெட்டுவதென்றால் அரைச் சுற்று அரைச் சுற்றாக, மெல்லிய டிஸ்க்கால், ஈரத்துணி சுற்றி. காஸ் கட்டிங் கூடவே கூடாது. சிலர் வண்டி மேலேயே ஸ்பிரிங்கைச் சுட வைத்து இறக்குகிறார்கள். சூடுபட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பிறகு தானாக இறங்கிக்கொண்டே போகும், ஒரு பக்கம் அதிகமாகவும்.

சரியான வழி: ஸ்ட்ரட் (முன் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) குழாயை 30 மில்லி அளவு குட்டையாக்கி, அதற்கேற்ற குட்டை இன்செர்ட் (குழாய்க்குள் போடும் ஷாக்), குட்டையான கடினமான ஸ்பிரிங். வெல்ட் நேராக இல்லாவிட்டால் இன்செர்ட் உள்ளே போகாது. மேல் நட்டு இன்செர்ட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அரை மில்லி ஆட்டம் இருந்தாலும் டொக்டொக் என்று சத்தம் வரும். குழாய்க்கும் இன்செர்ட்டுக்கும் நடுவே கொஞ்சம் எண்ணெய் ஊற்று, சூட்டை வெளியே கடத்த. பிரேக் ஹோஸ் பிடிக்கும் கொக்கியை வெல்டுக்கு முன்பே இடம் மாற்றி வை.

தாழ்ந்தபக்கி
இவ்வளவு செலவா? ஸ்பிரிங் அறுக்க டிஸ்க் ஒன்று போதும் என்றல்லவா கணக்குப் போட்டேன்.

அலைன்மென்ட்
இன்னும் முடியவில்லை. இறக்கிய பிறகு கீழ்க் கைகள் (ஸ்ட்ரட்டின் அடியை வண்டியோடு இணைப்பவை) சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாயும். ரோல் சென்டர் (வளைவில் உடல் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். அதனால்தான் இறக்கிய வண்டி சில சமயம் வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாய்கிறது. டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் கம்பி) கோணமும் மாறுவதால் ஹம்பில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். இந்த வண்டியில் ஸ்டீயரிங் கை ஸ்ட்ரட்டின் அடியில் போல்ட் போட்டு மாட்டியிருப்பது வசதி. நடுவே 25 முதல் 40 மில்லி ஸ்பேசர், நீளமான உயர்தரப் போல்ட். இரண்டு கோணமும் ஒன்றாகச் சரியாகும். ஆனால் கை கீழே வருவதால் 12 இன்ச் ரிம்மின் உள்பக்கம் உரசலாம். சக்கரத்தை மாட்டிக் கையால் முழுசாகச் சுற்றிப் பார்க்காமல் ஓட்டாதே.

டென்ஷன் ராட் (கீழ்க் கை முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ்ஷை இரண்டு பக்கமும் பாலியூரித்தேனாக மாற்றாதே. அந்த ராட் மேலும் கீழும் அசைய வேண்டியது. இரு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் மரை தொடங்கும் இடத்தில் உடையும். ஒரு பக்கமாவது ரப்பராக இருக்கட்டும். கீழ்க் கையின் புஷ் போல்ட்டை வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழியும்.

ஒரிஜினல்1971
இத்தனையும் செய்து கடைசியில் தைப்பூசத்துக்குக் காவடியும் பால்குடமும் ஏற்றினால் கோயில் வாசல் ஹம்பில் பால் கொட்டும். ஈஸ்டர் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயில் புல்வெளியில் நிறுத்தப் போனால் எக்ஸாஸ்ட் மண்ணை உழும்.

கீழேதான்அழகு
பால் கொட்டுவதற்கு ஓட்டுபவர்தான் காரணம், ஐயா. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: எக்ஸாஸ்ட் நடுப் பெட்டி மேலே ஏற வேண்டும். சரி, பட்டாக்காரரே, குறை சொன்னது போதும். 300 கிலோ ஏற்றி, கீழேயும் நிற்க என்ன வழி?

பட்டாக்காரர்
பிளாக் 25 முதல் 40க்குள். மீதியைப் பட்டாவில் எடு. ஸ்பிரிங் பட்டறையில் பட்டாக்கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு பட்டாவின் வளைவையும் குளிரவே அழுத்திக் குறைப்பார்கள். வளைவு குறைகிறது, கடினம் குறைவதில்லை. அடியில் நேரான ஹெல்ப்பர் பட்டா ஒன்று கூடுதலாகப் போடச் சொல். காலியில் அது தொடாது, சுமை ஏறினால் தொட்டுத் தாங்கும். பட்டாவை உருவி எடுத்து இறக்குவது சோம்பேறி வேலை. மிச்சம் உள்ளவை மேல் பாரம் ஏறி மெயின் பட்டா அதன் கண்ணுக்கு (முனை வளையத்துக்கு) பக்கத்தில் முறியும். முறிந்தால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் போய்விடும், ஹைவேயில் அதை யாரும் பிடிக்க முடியாது.

பிளாக் வைக்கும்போது:
யு போல்ட் புதிது, நீளமானது. பழையதைத் திரும்பப் போடாதே, மரை இழுபட்டிருக்கும். பிளாக்கின் கீழ்க் குழியில் சென்டர் போல்ட் தலையும், மேல் முளை ஆக்சில் இருக்கைக் குழியிலும் சரியாக உட்கார வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிளாக் கூடவே கூடாது. மரக்கட்டை வைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. நாலு நட்டையும் எதிரெதிராகச் சமமாக இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கு.

பிளாக் உயரம் கூடக்கூட ஆக்சிலுக்கு நெம்புகோல் நீளம் கூடும். கிளட்ச்சை விட்டதும் பட்டா எஸ் போல முறுக்கி, சக்கரம் குதிக்கும். டிஃப்பின் (பின் ஆக்சிலின் நடுவில் உள்ள கியர்ப் பெட்டியின்) மூக்குக் கோணம் மாறி 80க்கு மேல் அதிர்வு வந்தால் ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சரிசெய். எல்லாம் முடிந்து சுமையோடு நிற்கும்போது, புரொபெல்லர் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் போய் முட்டாமல் ஒரு விரற்கடை இடமாவது இருக்கிறதா என்று பார்.

ஆக்சிலிலிருந்து கம்பி இழுத்த பிரேக் வால்வு உள்ள பக்கி யாராவது வைத்திருந்தால் இதையும் படியுங்கள்: அந்த வால்வுக்குச் சுமை என்றால் ஆக்சிலுக்கும் உடலுக்கும் உள்ள தூரம் குறைவதுதான். வண்டியை இறக்கினால் காலி வண்டியையே சுமை வண்டி என்று நினைத்துப் பின்பிரேக்குக்கு அழுத்தத்தைத் திறந்துவிடும். மழையில் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். கம்பியை மறுபடி அளவு வைக்காமல் வெளியே எடுக்காதீர்கள்.

அலைன்மென்ட்
டயருக்கு வருகிறேன். உன் 12 இன்ச் 155 டயர் விட்டம் சுமார் 550 மில்லி. 175/50R13 என்றால் 505. ஸ்பீடோ 100 காட்டும்போது நிஜத்தில் 92தான் போவாய், எஞ்சின் மட்டும் 9 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். பிளாக் டிஃப்பை இறக்காது, உடலை மட்டும்தான் இறக்கும். சின்ன டயர் டிஃப்பையும் சேர்த்து 22 மில்லி இறக்கும். 175/60R13 எடுத்தால் 540, ஸ்பீடோ கிட்டத்தட்ட நேராக நிற்கும்.

டயரில் எழுதியிருக்கும் சுமை எண்ணையும் படி. 175/50ல் பொதுவாக 72, அதாவது ஒரு டயர் 355 கிலோ. 175/60ல் 77, அது 412. வண்டியின் விவரத் தகட்டில் எழுதியிருக்கும் பின் ஆக்சில் எடையை இரண்டால் வகு. அதைவிடக் கூடுதலாகத் தாங்குவதுதான் உன் டயர்.

7 இன்ச் ரிம்மில் 175 டயரை இழுத்து ஏற்றுவது படத்துக்கு அழகு. அந்த டயருக்கு 5 முதல் 6 இன்ச் ரிம்தான். இழுத்து ஏற்றியதில் ஓரம் குழியில் அடிபட்டால் காற்று ஒரே நொடியில் போகும். வெளியே எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு: 5 இன்ச், ஆஃப்செட் 20 ரிம்மிலிருந்து 7 இன்ச், பூஜ்யத்துக்குப் போனால் அகலத்தில் பக்கத்துக்கு 25, ஆஃப்செட்டில் 20, மொத்தம் 45 மில்லி வெளியே வரும், உள்ளே 5. பேரிங் இதற்குச் செய்ததில்லை.

ரிம்மில் போல்ட் ஓட்டை நாலு, அவை அமையும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லி. சந்தையில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் 100 வட்டம், அது உட்காராது. நட்டு மரை 12க்கு 1.25. ரிம்மின் இருக்கைக்கு ஏற்ற நட்டு: கூம்புக்குக் கூம்பு, வாஷர் வைத்ததுக்கு வாஷர். மாற்றிப் போட்டால் எத்தனை முறை இறுக்கினாலும் தளரும். நட்டு குறைந்தது ஒன்பது, பத்துச் சுற்று ஏற வேண்டும். ஐந்தே சுற்றில் நின்றால் ஸ்டட் நீளம் போதாது.

கீழேதான்அழகு
6 இன்ச் ரிம்மிலும் பின் சக்கர வளைவு உரசினால் அதன் உள் உதட்டை மடக்கலாம்.

ஒரிஜினல்1971
மடக்கினால் உள்ளே இரண்டு தகடு சேரும் இடத்தில் சீலர் வெடிக்கும். கடல் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஹீட் கன்னால் பெயிண்டைச் சூடாக்கி மெதுவாக மடக்கி, அன்றைக்கே உள்ளே புது சீலர் பூசாவிட்டால் இரண்டே மழைக்காலத்தில் குமிழ் வரும். எனக்குப் பிடிக்காத வேலைதான், செய்தே தீருவீர்கள் என்றால் இப்படிச் செய்யுங்கள். இன்னொன்று, இன்ஷூரன்ஸுக்கு மாற்றங்களை எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாத மாற்றம் இருந்தால் விபத்தன்று கோரிக்கையை மறுக்க வழி கிடைத்துவிடும். கைமாறும்போது ரோட்வொர்தி (சாலைத் தகுதி) சான்றிதழ் வேண்டும். டயர் உள்ஓரம் 1 மில்லிக்குக் கீழே தேய்ந்திருந்தால் அங்கேயே நிறுத்துவார்கள். இறக்கிவிட்டு டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்யாத வண்டியில் தேய்வது அந்த உள்ஓரம்தான்.

தாழ்ந்தபக்கி
சரி, மாற்றிய திட்டம். முன்: குட்டை ஸ்ட்ரட், 40 மில்லி இறக்கம், 25 ஸ்பேசர். பின்: பட்டா வளைவு குறைத்து ஹெல்ப்பர் ஒன்று, 25 பிளாக். ரிம் 13க்கு 6, டயர் 175/60. கடைசியில் அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம். இப்போது யாருக்காவது ஆட்சேபணை?

ஒரிஜினல்1971
எனக்கு உண்டு. ஆனால் என் ஆட்சேபணை முதல் வரியிலிருந்தே.

கீழேதான்அழகு
40 மில்லியெல்லாம் கீழே என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

பட்டாக்காரர்
அவர் சொல்வதைக் காதில் வாங்காதே. முதல் நாள் முன் ஷாக் தண்டில் ஒரு கேபிள் டை கட்டிக் கீழே சீல் வரை தள்ளி வை. பின் ஸ்டாப்பில் ஒரு உருண்டை மாவு ஒட்டு. ஆறு மூட்டை ஏற்றி, தெரு ஹம்பில் வழக்கமான வேகத்தில் போய் வா. டை எவ்வளவு ஏறியது, மாவு எவ்வளவு நசுங்கியது என்று பார்த்தால் இடம் மிச்சம் தெரிந்துவிடும். மாவு முழுசாக நசுங்கியிருந்தால் பிளாக்கைக் கழற்று. 10 மில்லியாவது நின்றால் அப்படியே விடு.

தாழ்ந்தபக்கி
என்ன மாவு?

பட்டாக்காரர்
ரொட்டி மாவு போதும். மேலே பிளாஸ்டிக் தாள் சுற்று, இல்லாவிட்டால் ஆக்சிலில் ஒட்டிக்கொண்டு அளவு பார்க்க முடியாது.