எரிந்த காகித விளிம்பு: ரெடிமேட் பிரஷ் போதுமா, கையால் வரையணுமா?

மைத்துளி:
ஒரு பழைய கடிதத்தை கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் வரைந்துகொண்டிருக்கிறேன். நான்கு ஓரமும் தீயில் கருகியது போல வேண்டும். தேய்த்த இடத்தை இருட்டாக்கும் பர்ன் டூலால் ஓரத்தைத் தேய்த்தேன். அழுக்குப் படிந்த மாதிரி இருக்கிறதே தவிர, எரிந்த மாதிரி இல்லை. என்ன செய்யலாம்?

வேல்முனை:
கருகிய விளிம்பின் வடிவத்தை முத்திரை போலப் பதிக்கும் பிரஷ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து ஓரமெங்கும் பதித்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. பார்ப்பவர் கண் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் போகும், ஓரத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

தூரிகை:
இதை நான் ஏற்கவில்லை. அந்த பிரஷ்ஷில் ஒரு பல் வடிவம் இருக்கும்; மூன்றாவது முறை பதிக்கும்போதே அதே பல் மறுபடி வந்து நிற்கும். கண் அதைக் கண்டுபிடித்துவிடும்.

மைத்துளி, முதலில் வடிவத்தைப் பாருங்கள். கிழிந்த காகிதமும் எரிந்த காகிதமும் ஒன்றல்ல. தீ தின்ற இடமெல்லாம் உள்ளே குழிந்த வளைவாக இருக்கும். இரண்டு வளைவு சந்திக்கும் இடத்தில்தான் கூர் நிற்கும். அப்புறம் நிறம்: வெளி நுனியில் மெல்லிய கரி, அதை ஒட்டி அடர் பழுப்பு, பிறகு வெளிர் பழுப்பாகிக் காகிதத்தோடு கரைந்துவிடும். அந்தப் பழுப்பு ஒரு இடத்தில் விரல் அகலம் இருக்கும், பக்கத்திலேயே நூல் அளவு ஆகிவிடும். நீங்கள் ஓரத்தை வெட்டாமல் நேர்கோட்டின் மேலேயே கருப்பைத் தேய்த்திருக்கிறீர்கள். அதனால்தான் அழுக்காகத் தெரிகிறது.

வேல்முனை:
சரி, வடிவம் முக்கியம்தான். கையால் சுற்றி வரைந்து தேர்வு செய்யும் லாசோவால் வெட்டிக்கொள்ளட்டும். நிறத்துக்குமா கையால் மெனக்கெட வேண்டும்? மேலே ஒரு பழுப்பு லேயர் (அடுக்கு) போட்டு, அது கீழ் லேயரோடு கலக்கும் முறையை, அதாவது மோடை, கலர் பர்ன் என்று வைத்தால் முடிந்தது.

தூரிகை:
காகிதம் தூய வெள்ளையாக இருந்தால் கலர் பர்ன் எதுவுமே செய்யாது. 255, அதாவது முழு வெள்ளையாக, இருக்கும் பிக்சல் 255 ஆகவே நிற்கும், அந்த மோடின் கணக்கு அப்படி. பெயரில் பர்ன் இருப்பதை வைத்துப் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். மல்டிப்ளை மோடை வையுங்கள்; வெள்ளையின் மேல் பழுப்பு அப்படியே இறங்கும்.

வேல்முனை:
வெள்ளை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, நான் எப்போதும் மஞ்சளேறிய காகிதத்தில் செய்வதால் கவனிக்கவில்லை. ஆனாலும் ஃபோட்டோஷாப்பில், ஓரத்திலிருந்து உள்நோக்கி நிறம் பரப்பும் இன்னர் குளோ இருக்கிறது. பழுப்பு நிறம், மல்டிப்ளை, அவ்வளவுதான். வெட்டிய வடிவத்தை அதுவே பின்தொடரும். ஒரு தொடருக்கு நாற்பது படம் தருகிறவனுக்கு இது பெரிய உதவி. நேரமும் வேலையின் ஒரு பகுதிதானே?

தூரிகை:
பின்தொடரும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில். கடிதத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி ஆகிவிடும். அதிலுள்ள நாய்ஸை (புள்ளிச் சிதறலை) கூட்டினாலும் பொடிப்பொடியாகுமே தவிர அகலம் மாறாது. அடித்தளமாக அதை வைத்து, மேலே நான்கைந்து இடத்தில் கையால் பழுப்பை உள்ளே இழுத்தால் ஒப்புக்கொள்வேன்.

மைத்துளி, கிம்ப்பில் காகித லேயரையும் கருகல் லேயரையும் ஒரே குரூப்பில் போட்டு, கருப்பு பூசிய இடத்தை மறைத்து வெள்ளை பூசிய இடத்தைக் காட்டும் மாஸ்க்கை அந்தக் குரூப்புக்குக் கொடுங்கள். 2.10 பதிப்பிலிருந்து இது முடியும். வளைவு பிடிக்கவில்லையென்றால் மாஸ்க்கில் வெள்ளை பூசினால் போதும், காகிதம் திரும்ப வந்துவிடும். அழிப்பானைத் தொடாதீர்கள்.

வேல்முனை:
நாற்பது படத்துக்கும் கையால் இழுக்க மாட்டேன். அட்டைப் படத்துக்கு வேண்டுமானால் செய்கிறேன்.

மைத்துளி:
குரூப் மாஸ்க்கில் செய்து பார்த்தேன். பிரஷ் பதித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிறிதாக்கினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, பெரிதாக்கினால் பல் தெரிகிறது. இது முழுப்பக்கப் படம் என்பதால் கையால் வரைந்ததையே வைத்துக்கொள்கிறேன். கீழ் ஓரத்தில் ஒரு வளைவு கையெழுத்துக்குள் புகுந்துவிட்டது. முதல் இரண்டு எழுத்து மட்டும் பழுப்பில் மங்கலாகத் தெரிகிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.