காலபோக வயல் ஆய்வும் நாலு வயசுப் பிள்ளையும்: எதை விடலாம், எதை விடேலாது?

மருதநிலம் கேட்டது:
வணக்கம். கிளிநொச்சி அறிவியல்நகரில முதுதத்துவமாணி ஆய்வு செய்யுறன். யூரியாவை நாலு விதமாப் பிரிச்சுப் போட்டு, ஒவ்வொண்டும் நாலு தொகுதியில (ஒரு தொகுதியெண்டா நாலு உரமுறையும் பக்கத்தில பக்கத்தில இருக்கிற நாலு பாத்தி). மொத்தம் 16 பாத்தி. மூண்டரை மாத நெல், ஒக்ரோபர் நடுவில விதைப்பு. அவருக்கு வவுனியாவில வேலை, கிழமைக் கடைசியிலதான் வருவார். மகள் மாமியோட நிப்பாள். மண் எடுக்கிற நாளில ஆய்வுகூடத்தால வர இரவாகிடும். மேற்பார்வையாளருக்கு எல்லாமே அண்டைக்கே முடியோணும். எப்பிடிச் சமாளிக்கிறது?

குளக்கட்டு:
தங்கச்சி, நாளை மணித்தியாலமாப் பிரிக்கப் பாக்காதேங்கோ. வேலையை "காத்திருக்கும், காத்திருக்காது" எண்டு ரெண்டாப் பிரியுங்கோ.

அமோனியம், நைத்திரேற்று (யூரியா மண்ணில மாறிவாற நைதரசன் வடிவங்கள்) பாக்கிற மண் காத்திருக்காது. ஈரத்தோட வெளியில கிடந்தா நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைத்திரேற்றா மாத்திப்போடும். பிறகு நீங்கள் அளக்கிறது வயலை இல்லை, பையை. ஐஸ் பெட்டியில கொண்டுவந்து அண்டைக்கே 2 மோலார் பொட்டாசியம் குளோரைட்டில போடோணும்: 10 கிராம் மண்ணுக்கு 100 மி.லீ., ஒரு மணித்தியாலம் குலுக்கி வடிக்கிறது. வடிச்சதை உறைய வைச்சா அவசரம் அதோட சரி, அளக்கிறதை அடுத்த கிழமை பாக்கலாம். ஈரப்பதனுக்கு ஒரு பங்கை 105 பாகை அடுப்பில வைச்சிட்டு வீட்ட போங்கோ, 24 மணித்தியாலம் அது தன்பாட்டில காயும்.

பி.எச்., பொசுபரசு, பொட்டாசியம் பாக்கிற மண் நிழலில காஞ்சு 2 மி.மீ. அரிதட்டால அரிபட்டா மாசி மட்டும் இருக்கும். 70 பாகையில நிறை மாறாத அளவுக்குக் காஞ்ச பயிரும் அப்பிடித்தான்.

இரவாகிறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஆயத்தம்தான். முதல்நாளே 2 லீற்றர் கரைசல் செய்து வைங்கோ (298 கிராம் பொட்டாசியம் குளோரைட்டு; 16 மாதிரியும், மண் போடாத ரெண்டு வெறுமைப் போத்தலும் போக மிச்சம் வரும்). போத்தல் இலக்கத்தைப் பென்சிலால எழுதி ஒட்டுங்கோ. மை, ஈரக்கை பட்டா அழிஞ்சுபோகும்.

நாள்காட்டியும் இப்பவே தெரியும். எந்த வயசு இனமெண்டாலும் பூத்ததுக்குப் பிறகு அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள். அப்ப உங்கட வயல் மார்கழிக் கடைசியில பூக்கும், தை கடைசியில அறுப்பு. அவர் லீவு எடுக்கிறதெண்டா அந்த ரெண்டு கிழமைக்கும் எடுக்கட்டும். பொங்கலுக்கு நீங்கள் வீட்டில நிக்கலாம், வயல் ஒண்டும் கேக்காது.

வரம்போரம்:
அண்ணை மழையை மறந்திட்டார். கார்த்திகை, மார்கழியில குறிச்ச திகதிக்கு வயலுக்க இறங்கேலுமெண்டு ஆர் சொன்னது? திட்டத்திலேயே "விதைச்சு 40 தொடக்கம் 43 நாள்" எண்டு எழுதி, மேற்பார்வையாளரின்ர ஒப்பத்தை வாங்குங்கோ. பிறகு ஒரு நாள் தள்ளினா ஏனெண்டு கேக்க ஏலாது.

மழையோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ வந்து பாதியில விடவேண்டி வந்தா, ஒரு தொகுதியின்ர நாலு பாத்தியையும் முடிச்சிட்டு விடுங்கோ. இண்டைக்கு ஒரு உரமுறை, நாளைக்கு மற்ற உரமுறை எண்டு எடுத்தா உரத்தால வந்த வித்தியாசமா, நாளால வந்ததா எண்டு பிரிக்க வழியே இல்லை. தொகுதி தொகுதியா எடுத்தா நாள் வித்தியாசம் தொகுதியோட போயிடும்.

இன்னொண்டு: எலிக்காய்ச்சல். சேத்துக்க இறங்க முன்னம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில கேளுங்கோ. வயலில வேலை செய்யுறவைக்குக் கிழமைக்கு ஒருக்கா டொக்சிசைக்கிளின் குடுப்பினம். கர்ப்பமா இருந்தாலோ பால் குடுத்தாலோ முதலே சொல்லோணும். காலில வெட்டுக்காயம் இருந்தா அண்டைக்கு வேற ஆளை இறக்குங்கோ.

செம்மண்:
அறுவடைக்கு ஒரு குறுக்குவழி. 16 பாத்தி நெல்லையும் வெயிலில பரப்பிக் காவல் இருக்கத் தேவையில்லை. தூத்தின உடன நிறையும் ஈரப்பதனும் எடுத்து 14 வீத ஈரப்பதனுக்குரிய நிறையா மாத்துங்கோ: நிறை × (100 − ஈரப்பதன்) ÷ 86. அடிக்கிறது, தூத்திறது கூலிக்கு விடலாம். நிறுக்கிறதை மட்டும் விடாதேங்கோ.

மாமியிட்ட "நிறைய வேலை" எண்டு சொன்னா ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டு இருப்பா. இரவாகிற நாலைஞ்சு நாளை மட்டும் சுவர்க் கலண்டரில சிவப்பால வட்டம் போட்டுக் குடுங்கோ.

மருதநிலம்:
நன்றி. எங்கட குலுக்கியில 250 மி.லீ. போத்தல் எட்டுத்தான் கொள்ளும். அப்ப வெறுமையோட மூண்டு சுற்று ஓடோணும், அதுக்கே பின்னேரம் போயிடும்.

குளக்கட்டு:
5 கிராமுக்கு 50 மி.லீ. எண்டு எடுங்கோ, விகிதம் மாறாது. 100 மி.லீ. போத்தல் பதினெட்டும் ஒரே தரத்தில கொள்ளுதோ பாருங்கோ. ஆனா 5 கிராமில ஒரு வேர்த்துண்டு வந்தாலே கணக்குப் பிழைக்கும். சேத்து மண்ணைப் பையுக்க நல்லாப் பிசைஞ்சு, வேர், கல்லு எல்லாம் பொறுக்கிப்போட்டு நிறுங்கோ.