மறு: பிளாக் பவுடர் = கருப்புத் தூள்?

ஐயா, வணக்கம். குழல்வாய் வழியாக மருந்தும் (வெடிமருந்து) குண்டும் இடும் பழைய வகைத் துப்பாக்கிக்கு (மஸில்லோடர்) நீங்கள் தந்த கலைச்சொல் பட்டியலுக்கு என் மறுமொழி இது. உங்கள் வரிகளை மேற்கோளாகத் தந்திருக்கிறேன்.

> பிளாக் பவுடர் – கருப்புத் தூள்
> ஸ்மோக்லெஸ் பவுடர் – புகையற்ற தூள்
> புரொப்பலண்ட் – எரிபொருள்
> புரொஜெக்டைல் – எறிபொருள்

நான்கையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கடைசி இரண்டில் நாக்கு இடறியது. குழல்வாயில் முதலில் போவது மருந்து, அதன் மேல்தான் குண்டு. ‘எரிபொருளை இட்டு எறிபொருளை இறக்கவும்’ என்று ஒருவர் படிக்க, பக்கத்தில் நிற்பவர் எதைக் கையில் எடுப்பார்? ரகர றகர வேறுபாட்டைப் பேச்சில் காட்டுபவர்கள் இன்று எத்தனை பேர்? இயற்பியல் பாடத்தில் எறிபொருள் இருக்கட்டும். துப்பாக்கிக் குறிப்புக்கு ‘உந்துமருந்து’, ‘குண்டு’ போதும். இலங்கை வழக்கான ‘ரவை’யும் நல்ல சொல்தான், ஆனால் மதுரைக்காரருக்கு உப்புமாதான் நினைவுக்கு வரும்.

என் பெரிய மறுப்பு கருப்புத் தூள் மேல்தான். புகையற்ற வகைக் குருணைகளுக்கும் பெரும்பாலும் கிராஃபைட் பூசுகிறார்கள், ஆகவே அவையும் கருத்தே இருக்கும். நிறத்தையே பெயராக வைத்தால், டப்பாவைத் திறந்தவர் ‘கருப்பாத்தானே இருக்கு’ என்று அள்ளிப் போட்டுவிடுவார். 1884இல் பிரான்சில் பால் வியேல் உருவாக்கிய நைட்ரோசெல்லுலோஸ் மருந்தின் வழிவந்தவை இவை. பழைய முறைக் குழல் தாங்காத அழுத்தத்தை எழுப்பும். குழல் பிளந்து கையும் கண்ணும் போகும்.

‘புகையற்ற’ இன்னும் மோசம். புகையில்லா அடுப்பு மாதிரி, அதே பொருளின் திருந்திய வடிவம் என்று தோன்றவைக்கிறது. ஆகவே கரி, வெடியுப்பு, கந்தகம் சேர்ந்த பழைய மருந்துக்குக் ‘கரிமருந்து’. மற்றதற்கு ‘நைட்ரோ மருந்து’. தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று உறவாகத் தோன்றக் கூடாது என்பதே என் கவலை.

> பைரோடெக்ஸ் போன்றவற்றுக்கு ‘நிகர்மருந்து’ எனலாமே?

எதில் நிகர்? கரிமருந்துக்குப் பதிலாக இடும் தயாரிப்பான பைரோடெக்ஸ், அதே கன அளவில் கரிமருந்தைவிட எடை குறைந்தது. அளவுக் குவளையில் அளந்தால் சரிக்குச் சரி. தராசில் சம எடை நிறுத்தால் மிகையாகிவிடும். அதே வகைத் தயாரிப்பான டிரிபிள் செவனோ குவளைக்குக் குவளை அளந்தாலும் வேகம் கூடியது, அதே வேகத்துக்குச் சுமார் 15 விழுக்காடு குறைக்க வேண்டும். ‘மாற்று மருந்து’ என்றாலும் விஷமுறிவு ஆகிவிடும். ‘கரிமருந்துப் பதிலி’ என்று வைத்து, பக்கத்திலேயே ‘கன அளவில் மட்டும் அளக்கவும்’ என்று எழுதிவிடலாம்.

கிரெயின் என்பதை ‘மணி’ ஆக்கியிருக்கிறீர்கள். அது 0.0648 கிராம் எடை. 100 மணி என்றால் எண்ணத் தோன்றும். அலகுக்குக் கிரெயின், துகளுக்குக் குருணை. டப்பாவில் குருணை அளவைக் காட்டும் எஃப் எழுத்து (FF, FFF) கூடக்கூடக் குருணை நுணுகி விரைவாக எரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘மினியே பந்து’ வேண்டாம். 1849இல் வந்த அந்தக் குண்டு பந்து வடிவமே இல்லை. கூம்பு, அடியில் குழிவு. சுடும்போது அடிப்பாகம் விரிந்து குழலின் உட்புறச் சுருள் வரிப்பள்ளங்களைக் கவ்வ வேண்டும், அதனால்தான் மென்ஈயம் கேட்கிறார்கள். உருண்டைக் குண்டுக்கு மசகிட்ட துணி சுற்றுவதும் இடுக்கை அடைக்கத்தான். எதுவானாலும் ‘குண்டை வைக்கவும்’ என்று எழுதாதீர்கள், ‘மருந்தின் மேல் படியும்வரை கெட்டிக்கவும்’ என்று எழுதுங்கள். நடுவில் வெற்றிடம் நின்றால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும்.

கடைசியாகத் துப்பாக்கியின் பெயர். ‘வாய்வழி மருந்தேற்றி’ என்றால் போலியோ சொட்டு முகாம்தான் கண்முன் வருகிறது. ஈழத்தில் ‘இடியன் துவக்கு’ மக்கள் வாயிலேயே இருக்கிறது. மருந்தை இடித்துக் கெட்டிப்பதும் அதில் கேட்கிறது, வானத்து இடியும் கேட்கிறது. இடியனை எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். மறுப்பு இருந்தால் பட்டியல் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.