முட்டுக்காடு வருவதற்குள் மரத்துப் போகிறது: சைக்கிள் சீட்டை மாற்ற வேண்டுமா?

ஈசிஆர் புதுசு:
நான்கு மாதமாக ஹைபிரிட் சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிறு காலையில் சென்னை திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகக் கோவளம் போய் வருவேன். முட்டுக்காடு பாலத்தைப் பிடிப்பதற்குள் தொடை இடுக்கு மரத்துப் போகிறது. இறங்கி நின்றால்தான் உணர்வு திரும்புகிறது. கடையில் சொன்னார்களே என்று ஜெல் கவர் வாங்கிப் போட்டேன், இன்னும் மோசம். வேறு சீட் வாங்கவா, ஸ்பிரிங் வைத்த சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) வாங்கவா? பட்ஜெட் 2,000 ரூபாய்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, இப்போதைக்கு ஒரு பைசா செலவழிக்காதீங்க. அந்தக் கவரை முதலில் கழற்றுங்கள். எடையைத் தாங்க வேண்டியவை பிட்டத்துக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்புகள். மெத்தை ரொம்ப மெத்தென்று இருந்தால் எலும்பு புதைந்து, நடுப்பகுதி பிதுங்கி, அங்கே ஓடும் நரம்பை அழுத்தும். மரத்துப் போவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிச் சமாளிக்கக் கூடாது.

கிராங்க் நடுவிலிருந்து (பெடல் தண்டுகள் சுழலும் அச்சு) சீட்டின் மேல்பக்கம் வரை எத்தனை செ.மீ? காலின் உள்ளளவு எவ்வளவு? செருப்பில்லாமல் சுவரோடு நின்று, தடிமனான புத்தகத்தைக் கவட்டில் இறுக்கி வைத்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளக்கவும்.

ஈசிஆர் புதுசு:
கால் 78, சீட் 72. சீட்டின் மூக்கும் (முன்முனை) கொஞ்சம் தூக்கியிருக்கிறது. வழுக்காமல் இருக்கட்டும் என்று நானேதான் தூக்கினேன்.

பழைய ஸ்பேனர்:
ஆங், அதுதான் விஷயம்! காலின் உள்ளளவு 78-ஐ 0.883-ஆல் பெருக்கினால் சீட் உயரம் ஏறக்குறைய 69. இது வேதவாக்கு இல்லை, தொடங்குவதற்கு ஓர் அளவு. 3 செ.மீ அதிகம் என்றால் பெடலை எட்டிப் பிடிக்க இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், நடுவில் உரசும். இறக்கிய பிறகு குதிகாலைப் பெடலில் வைத்துப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். மூக்கைச் சமமாக்குங்கள். சீட்டின் மேல் ஒரு புத்தகம், அதன் மேல் போன், அதில் லெவல் ஆப். போதும்.

மிதிக்கும் அக்கா:
சீட் அகலத்தையும் பார்த்துவிடுங்கள். மாடிப்படியில் ஒரு பார்சல் அட்டையைப் போட்டு, முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் உட்காருங்கள். இரண்டு குழி விழும். நடுவுக்கு நடு அளந்து 2 செ.மீ கூட்டினால் உங்களுக்கு வேண்டிய அகலம். இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள்: பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. தையல் உரசியே புண்ணாகும்.

ஈசிஆர் புதுசு:
குழிகளுக்கு நடுவே 12 செ.மீ. என் சீட் 14.5, அப்போது சீட் சரிதான் போலிருக்கிறது. ஆனால் போஸ்ட் அசையவே மாட்டேன் என்கிறது.

பழைய ஸ்பேனர்:
கடல்காற்றில் இறுகியிருக்கும்! சுத்தியலைத் தொடாதீங்க. போஸ்ட்டை இறுக்கும் கிளாம்பைத் தளர்த்தி, இடுக்கில் துரு விடுவிக்கும் எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் சீட்டைப் பிடித்து இடமும் வலமும் திருகுங்கள். வெளியே வந்ததும் துடைத்து, கிரீஸ் தடவி இறக்குங்கள். கார்பன் போஸ்ட்டாக இருந்தால் மட்டும் கிரீஸ் வேண்டாம்.

ஈசிஆர் புதுசு (இரண்டு வாரம் கழித்து):
நேற்று கோவளம் போய்த் திரும்பும்வரை மரத்துப் போகவே இல்லை! ஆனால் இப்போது உள்ளங்கை வலிக்கிறது.

பழைய ஸ்பேனர்:
மூக்கைச் சமத்துக்கும் கீழே இறக்கிவிட்டீர்களா?

ஈசிஆர் புதுசு:
...கொஞ்சம்.

பழைய ஸ்பேனர்:
உடம்பு முன்னால் வழுக்கும், கை தாங்கும். மூக்கை ஒரு படி மேலே ஏற்றுங்கள்.